பல்லேடியத்தின் பூர்வ சரித்திரம்: குளிர் இணைவு ஆராய்ச்சியில் மூலப்பொருளின் தரம்

1926-ஆம் ஆண்டில் பெர்லின் சர்வகலாசாலையில் பணியாற்றிய பிரீட்ரிக் பானெத், குர்ட் பீட்டர்ஸ் என்ற இரண்டு ரசாயன அறிஞர்கள், நுண்ணிய பல்லேடியத் தூளில் உறிஞ்சப்படும் ஹைட்ரஜன் வாயுவின் மிகச் சிறிய பகுதி ஒன்று ஹீலியமாக மாறுகிறது என்று அறிவித்தார்கள். ஆகாயக் கப்பல்களுக்கு ஹீலியம் வேண்டியிருந்தும் அதன் ஊற்று சொந்த மண்ணில் இல்லாத ஜெர்மனியில், அந்த அறிவிப்புப் பெரும் ஆவலைக் கிளப்பியது இயல்பே. அவர்கள் கண்ட வாயு ஒரு கன சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு முதல் நூறு கோடியில் ஒரு பங்கு வரை என்னும் அளவே ஆயினும், ஹீலியத்துக்கே உரிய ஒளிக்கோடுகள் நிறமாலையில் ஐயமறத் தெரிந்தன. 1927-இல் அவர்களே தங்கள் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பரிசோதனைக் குழாயின் கண்ணாடியும், பல்லேடியத்தைத் தாங்கிநின்ற கல்நாரும், காற்றிலிருந்து முன்னமே கவர்ந்து வைத்திருந்த ஹீலியத்தை, ஹைட்ரஜன் சூழ்ந்த நிலையில் சூடேறும்போது வெளியிட்டன. வெற்றிடத்திலோ ஆக்ஸிஜனிலோ சூடேற்றினால் அவ்வாறு வெளியிடவில்லை. ஆகவே ஹைட்ரஜனை விலக்கி நடத்தும் எந்த ஒப்புப் பரிசோதனையும் அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்திருக்க முடியாது. நேர்மையும் திறமையும் வாய்ந்த இருவரை வழிதவறச் செய்தது அவர்களுடைய கணிதமன்று, சித்தாந்தமுமன்று. அவர்கள் ஐயுறத் தோன்றாமல் கையாண்ட மூலப்பொருளே.

அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1989 மார்ச் 23-ஆம் நாள், அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில், யூட்டா சர்வகலாசாலையின் ஸ்டான்லி பான்ஸும் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்ட்டின் பிளைஷ்மனும், டியூட்டீரியம் அடங்கிய கன நீரில் மூழ்கிய பல்லேடியக் கம்பி வழியே மின்சாரத்தைச் செலுத்திச் செலவிட்ட சக்திக்கும் மேற்பட்ட உஷ்ணத்தை, அதாவது மிகையுஷ்ணத்தை, பெற்றதாகவும், ரசாயன மாறுதல் எதனாலும் விளக்கவொண்ணாத அவ்வுஷ்ணத்துக்கு டியூட்டீரிய அணுக்கருக்களின் இணைவே காரணமாயிருத்தல் வேண்டும் என்றும் கூறினார்கள். இதுவே குளிர் இணைவு எனப்படுவது. ஏப்ரலில் வெளிவந்த அவர்களுடைய முதற் கட்டுரையில் கம்பிகளின் குறுக்களவு 1, 2, 4 மில்லிமீட்டர் என்றும் நீளம் 10 சென்டிமீட்டர் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. மின்பகுளியில் லித்தியம் சேர்க்கப்பட்டது, நேர்மின்வாய் பிளாட்டினத்தால் ஆனது என்ற விவரங்களும் இருந்தன. ஆனால் அந்தப் பல்லேடியம் எந்த வாயுவின் போர்வையில் உருக்கப்பட்டது, எவ்வாறு இழுக்கப்பட்டது, எந்த உஷ்ணத்தில் காய்ச்சி ஆற்றப்பட்டது, அதனுள் கலந்திருந்த அன்னிய தாதுக்கள் எவை என்பன பற்றி வாசகர் அறிந்துகொள்ளக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சில வாரங்களுக்குள் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள், கையிருப்பில் இருந்த பல்லேடியத்தையோ கடையில் கிடைத்த பல்லேடியத்தையோ கொண்டு அதே பரிசோதனையை நடத்தின. பெரும்பாலானவை வெறுங்கையுடன் திரும்பின. இரண்டு தரப்பினரும் ஒரே பரிசோதனையைத்தான் செய்தார்களா என்ற கேள்விக்கு இன்றளவும் முடிவான விடை இல்லாமைக்கு, உலோகத்தின் பூர்வ சரித்திரம் எழுதப்படாமற் போனதே தலையாய காரணம் என்பது என் துணிபு.

அந்தச் சரித்திரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிய, பல்லேடியத்தின் சுபாவத்தைச் சற்று ஆராய வேண்டும். பல்லேடியம் தன் கன அளவைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு ஹைட்ரஜனை விழுங்கவல்லது என்பதை 1860-களிலேயே தாமஸ் கிரகாம் கண்டறிந்தார். உள்ளே புகும் ஹைட்ரஜனும் அதன் கனத்த உருவமாகிய டியூட்டீரியமும், உலோக அணுக்களின் அடுக்குகளுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில் அமர்கின்றன. ஒரு பல்லேடிய அணுவுக்கு எத்தனை டியூட்டீரிய அணு என்னும் கணக்கையே ஏற்ற விகிதம் என்கிறோம். சாதாரண உஷ்ணநிலையில் இவ்விகிதம் மிகச் சிறிதாக இருக்கும்வரை உலோகம் ஒரு நிலையிலும், 0.6-ஐ எட்டியதும் மற்றொரு நிலையிலும் இருக்கும். இடைப்பட்ட காலத்தில் இரண்டு நிலைகளும் ஒரே கம்பிக்குள் அடுத்தடுத்து வாழ நேரிடுகிறது. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும்போது உலோகம் தன் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரிகிறது. விரிந்த பகுதி விரியாத பகுதியை நெருக்க, அந்த நெருக்கத்தால் படிக மணிகளின் எல்லைகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடிப்பு வெளிப்பரப்பை எட்டிவிட்டால், மின்சாரம் உள்ளே தள்ளிய டியூட்டீரியம் அவ்வழியே குமிழியாகி வெளியேறிவிடும். எவ்வளவு மின்சாரம் பாய்ச்சினாலும் ஏற்ற விகிதம் அதன்பின் உயராது. எங்கே வெடிக்கும், எவ்வளவு வெடிக்கும் என்பவையோ, மணிகளின் பருமன், முன்பு பட்ட அழுத்தம், எல்லைகளில் தங்கிய ஆக்ஸிஜனும் கார்பனும் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தவை. பரிசோதகர் மின்கலத்தைப் பூட்டுவதற்கு வெகு முன்பே, உருக்காலையிலேயே அவருடைய பரிசோதனையின் பாதி முடிந்துவிடுகிறது.

கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் மெக்குப்ரேயும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்துச் சொன்ன முடிவு இவ்விடத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. ஏற்ற விகிதம் 0.9 என்னும் அளவை ஒட்டியோ கடந்தோ நின்று, அந்நிலை நெடுநாள் நீடித்த கம்பிகளிலேயே மிகையுஷ்ணம் தோன்றியது என்றும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றில் தோன்றவில்லை என்றும் அவர்கள் அறிவித்தார்கள். ஜப்பானில் குனிமட்சு குழுவினரும் 1992-இல் இதையொத்த எல்லையையே குறித்தார்கள். 1989-இல் கால்டெக் நிறுவனத்தார் வெளியிட்ட பிரசித்தமான மறுப்பில் ஏற்ற விகிதம் 0.8-ஐ ஒட்டியே இருந்தது என்பதைக் குளிர் இணைவு ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இதனால்தான். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே வாதம் ஆதரவாளர்களையும் கட்டுப்படுத்துகிறது என்பது எப்போதும் நினைவுகூரப்படுவதில்லை: 0.9 என்பது நிபந்தனையானால், ஏற்ற விகிதத்தை அளவிடாமல் உஷ்ணம் கண்டதாகச் சொன்ன பரிசோதனைகள் யாவும், மறுப்புரைகளைப் போலவே, கணக்கிலிருந்து நீங்க வேண்டியவையே.

அளவிடும் முறையிலும் கண்ணி உண்டு. ஏற்ற விகிதத்தைப் பெரும்பாலும் கம்பியின் மின்தடையைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். டியூட்டீரியம் ஏற ஏறத் தடை உயர்ந்து, விகிதம் 0.7-ஐத் தாண்டிய பிறகு ஆரம்பத் தடையின் இருமடங்கை ஒட்டி உச்சத்தை அடைந்து, அப்பால் மெல்லத் தாழ்கிறது. ஆகவே ஒரே தடையளவு, உச்சத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும் குறைந்த ஏற்றத்தையும் அந்தப் பக்கம் நிற்கும் மிகுந்த ஏற்றத்தையும் ஒருங்கே குறிக்கலாம். தொடக்கத்திலிருந்து இடைவிடாது கவனித்துவந்தவரே இன்னது என்று கூற வல்லவர். அன்றியும், வெடிப்புகளும் தடையை உயர்த்துகின்றன; வெடிப்புற்ற கம்பி, ஏற்றம் பெற்ற கம்பிபோல் வேஷம் காட்டக்கூடும்.

லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய எட்மண்ட் ஸ்டார்ம்ஸ், மின்தடையை நம்புவதோடு நில்லாமல், எடையையும் கன அளவையும் துணைக்கொண்டார். உட்புகுந்த டியூட்டீரியத்தின் எடைக்கு ஏற்ப உலோகம் எவ்வளவு விரிய வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் விரிந்தது அதனினும் எவ்வளவு அதிகம் என்று அளந்தால், அந்த மிகுதி உள்ளே தோன்றிய வெடிப்புகளின் அளவாகிறது. மிகுவிரிவு குறைந்த தகடுகளே மிகையுஷ்ணத்துக்கு ஏற்றவை என்று அவர் கூறினார். இம்முறையின் அழகு, அது எளிமையானது என்பதில் மட்டுமன்று. தகட்டைக் கலத்தில் இட்டு உஷ்ணம் அளப்பதற்கு முன்னரே நல்லது இது, தீயது இது என்று பிரிக்க முயல்கிறது என்பதில்தான் இருக்கிறது. தரப் பரிசோதனை என்னும் பெயருக்கு உரியது அத்தகைய முயற்சியே.

இனி உலோகத்தின் பிறப்பிடத்துக்கு வருவோம். பிளைஷ்மன் தம் பல்லேடியத்தை ஜான்சன் மாத்தி என்னும் பழம்பெரும் பிரிட்டிஷ் கம்பெனியிடமிருந்து பெற்றார். அவர் பின்னாளில் சிபாரிசு செய்தது, அக்கம்பெனி ஹைட்ரஜனைச் சுத்திகரிக்கும் குழாய்களுக்கென்று தயாரித்துவந்த ஒரு தனி வகை. அது ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வாயுவின் போர்வையில் உருக்கப்பட்டது, ஆகவே ஆக்ஸிஜன் அதில் தங்க இடமில்லை. இதனுடன் இன்னொன்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். 1989 ஏப்ரலில் பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், மின்பகுப்பால் ஹைட்ரஜன் உண்டாக்கும் ஒரு வியாபார யந்திரத்தையே எடுத்து, அதன் பல்லேடிய-வெள்ளிக் கலவைக் குழாய்களை எதிர்மின்வாயாக வைத்துப் பரிசோதித்து, ஹைட்ரஜனின் கதிரியக்க உருவமாகிய டிரிட்டியமும் நியூட்ரான்களும் கண்டதாக அறிவித்தார்கள். அக்குழாய்களும் ஹைட்ரஜன் வருவதும் போவதுமாக நெடுங்காலம் தாங்கி நிற்பதற்கென்றே வார்க்கப்பட்டவை. விரிவையும் சுருக்கத்தையும் வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் உலோகம், ஒருவர் ஆராய்ச்சிக்கென்று தேடாமலே, தொழிற்சாலையின் தேவையால் உருவாகிக் கிடந்தது என்று இதிலிருந்து அனுமானிக்க இடமிருக்கிறது. அனுமானமேயன்றி நிரூபணமன்று; ஆயினும் ஒரு திசையைக் காட்டும் அனுமானம்.

மெல்வின் மைல்ஸின் அனுபவம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. கலிபோர்னியாவில் சைனா லேக் என்னும் இடத்து அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1989-இல் மாதக்கணக்கில் முயன்றும் மிகையுஷ்ணம் எதையும் காணாமல், காணவில்லை என்றே நேர்மையுடன் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க எரிசக்தி இலாகாவின் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கையிலும் அவ்வாறே பதிவாயிற்று. ஜான்சன் மாத்தி கம்பி கைக்குக் கிடைத்த பின்னரே நிலை மாறியதாக அவர் பிற்பாடு எழுதினார். 1996-இல் அவர் வெளியிட்ட விரிவான அறிக்கையில், எந்தக் கம்பெனியின் எந்த உலோகம் எத்தனை பரிசோதனைகளில் உஷ்ணம் தந்தது, எத்தனையில் தரவில்லை என்பதை அட்டவணையாகவே கொடுத்திருக்கிறார். பரிசோதனைகளுள் பெரும்பாலானவை வெறுமையாகவே முடிந்தன என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த அட்டவணையில் எல்லோர் கண்ணையும் கவர்வது ஒரு வரி: வாஷிங்டனிலுள்ள கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் அஷ்ரப் இமாம் என்ற உலோகவியல் அறிஞர் உருக்கித் தந்த பல்லேடிய-போரான் கலவை, எட்டுப் பரிசோதனைகளில் ஏழில் மிகையுஷ்ணம் தந்தது என்னும் வரி. ஒரு சதவீதத்துக்கும் குறைந்த அளவே சேர்க்கப்பட்ட போரான், உருகும் உலோகத்திலுள்ள ஆக்ஸிஜனைத் தன்னோடு பிணைத்து நீக்குகிறது. எஞ்சிய போரான் உலோகத்தைக் கடினமாக்கி வெடிப்பையும் எதிர்க்கிறது. குளிர் இணைவைப் பற்றிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்கு நடுவே, தோல்வியையும் வெற்றியையும் உலோகத்தின் மூலத்தோடு இணைத்து எழுதிய அந்த அட்டவணையை நான் மிகவும் மதிக்கிறேன். அதிலுள்ள உஷ்ண அளவுகளை ஒருவர் நம்பினாலும் நம்பாவிடினும், விசாரணை நடைபெற வேண்டிய முறை அதுவே.

இத்தாலியில் பிரஸ்காட்டி நகரத்து ஆய்வுக்கூடத்தில் விட்டோரியோ வயலாந்தே மேற்கொண்ட வழி இன்னும் ஆழமானது. அவர் கம்பியை விட்டு, தடிமன் 50 மைக்ரான் உள்ள மெல்லிய தகட்டை எடுத்துக்கொண்டார். குளிர்ந்த நிலையில் உருட்டித் தட்டையாக்குவது, 800 பாகைக்கும் மேற்பட்ட உஷ்ணத்தில் காய்ச்சி ஆற்றுவது, ராஜ திராவகத்தில் மேற்பரப்பை அரிக்கச் செய்வது என்னும் மூன்று செய்கைகளையும் மாற்றி மாற்றி, மணிகளின் பருமனையும், அவை எந்தத் திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன என்பதையும், மேற்பரப்பின் மேடுபள்ளங்களையும் நுண்ணோக்கிகளால் அளந்தார். ஏற்ற விகிதம் மட்டும் போதாது, மேற்பரப்பின் அமைப்பும் சேர்ந்து பொருந்தினாலன்றி உஷ்ணம் எழுவதில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். அவர் தந்த தகடுகளைக் கொண்டு எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்திலும், இஸ்ரேலில் எனர்ஜெட்டிக்ஸ் டெக்னாலஜீஸ் கம்பெனியிலும் நடத்திய பரிசோதனைகளில் மிகையுஷ்ணம் தோன்றியதாக அறிவிக்கப்பட்டது. ஒரே முறையில் பதப்படுத்தினாலும் ஒரு கொள்முதலில் வந்த பல்லேடியம் பலன் தர, அதே பரிசுத்தம் உடையதாகச் சொல்லப்பட்ட மற்றொரு கொள்முதல் பலன் தராமற் போவதையும் அக்குழுவினர் கண்டு, மிகச் சிறிய அளவிலுள்ள கலப்புகளின்மேல் ஐயம் கொண்டார்கள்.

அந்த மிகச் சிறிய அளவு என்பது எத்துணைப் பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காதவர்களுக்கு இந்த விவகாரத்தின் உள்ளுறை புலப்படாது. கடையில் 99.99 சதவீதப் பரிசுத்தம் என்று விற்கப்படும் பல்லேடியத்தில் ஒரு கன சென்டிமீட்டரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள அணுக்கள் ஏறத்தாழ 6.8×10²², அவற்றுள் அன்னிய அணுக்கள், அதாவது பிளாட்டினம், ரோடியம், தாமிரம், இரும்பு முதலியவை, ஏறத்தாழ 7×10¹⁸. இரண்டு டியூட்டீரியங்கள் இணைந்து ஒரு ஹீலியம் ஆவதால் கிடைக்கும் சக்தியைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு வாட் உஷ்ணத்துக்கு நொடிதோறும் 26,000 கோடி இணைவுகள் போதும். இவ்விரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால், அந்த உலோகத்தில் பரிசுத்தம் என்ற பெயரின் கீழ் மறைந்திருக்கும் கலப்பணுக்களின் தொகை, ஒரு வாட் வீதம் ஏறத்தாழ 300 நாள் இடைவிடாது நிகழும் இணைவுகளின் தொகைக்குச் சமமாகிறது. ஆகவே, பரிசோதனைக்குப் பின் கம்பியின் மேல் புதிய தாதுக்கள் தோன்றின, அவை அணுமாற்றத்தால் விளைந்தவை என்று யாரேனும் சொல்லும்போது, முன்னும் பின்னும் அதே கம்பியின் அதே இடத்தைச் சோதித்த பதிவு இல்லையேல், அக்கூற்றைக் கேட்பதற்கே அவசியம் இல்லை.

அன்றியும், கம்பியில் இல்லாதவை கலத்திலிருந்து வந்து சேர்கின்றன. காரத்தன்மை மிகுந்த லித்தியக் கரைசல் கண்ணாடியை அரித்துச் சிலிக்காவையும் போரானையும் கரைக்கிறது. பிளாட்டின நேர்மின்வாயும் சிறுகச் சிறுகக் கரைகிறது. இவையனைத்தும் எதிர்மின்வாயின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அப்பூச்சு சில வேளைகளில் டியூட்டீரியம் உட்புகுவதைத் தடுக்கும், சில வேளைகளில் வெடிப்பின் வாயை அடைத்து வெளியேறாமல் காக்கும். எஸ்.ஆர்.ஐ. குழுவினர் வேண்டுமென்றே அலுமினியத்தைக் கரைசலில் சேர்த்ததுண்டு. ஒருவருடைய கலத்தில் உதவியாக இருந்த அசுத்தம், மற்றொருவர் சுத்தத்தின் மேலுள்ள ஆசையால் கண்ணாடியை விட்டு டெப்லானுக்கு மாறியபோது இல்லாமற் போயிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், சுத்தமான பொருள் என்பதும் நல்ல பொருள் என்பதும் ஒன்றல்ல என்பது விளங்கும். வேண்டுவது, என்ன இருக்கிறது என்பதை அறிந்த பொருள்.

கன நீரின் விஷயமும் அவ்வாறே. அது காற்றிலுள்ள ஈரத்தை விடாது கவரும் இயல்புடையது. அவ்வாறு கலந்த சாதாரண ஹைட்ரஜன், நீரில் சிறு பங்கே ஆனாலும், டியூட்டீரியத்தை முந்திக்கொண்டு பல்லேடியத்துள் புகுவதால், உலோகத்தினுள் அதன் பங்கு பன்மடங்காகிறது. டிரிட்டியம் இன்னும் பெரிய தொல்லை. அணு உலையில் இருந்த கன நீரில் நியூட்ரான்களால் டிரிட்டியம் விளைந்து தங்கியிருக்கும். புதிய கன நீரிலும் அதன் சுவடு கொள்முதலுக்குக் கொள்முதல் வேறுபடும். திறந்த கலத்தில் நெடுநாள் மின்பகுப்புச் செய்தால் எஞ்சிய நீரில் அது செறிவடையும். டிராம்பேயில் பி. கே. ஐயங்காரின் தலைமையில் பல குழுக்கள் தனித்தனியே நடத்திய பரிசோதனைகளில், டிரிட்டியம் நியூட்ரானைவிடக் கோடி மடங்குக்கு மேல் அதிகமாகக் காணப்பட்டது. அறியப்பட்ட பௌதிகத்தின்படி இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டியிருந்ததால், இது கலப்பா, புதிய நிகழ்ச்சியா என்ற கேள்வி உடனே எழுந்தது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்திலும் அதே 1989-இல் கன நீரை மின்பகுத்து ஆராய்ந்தார்கள். டிரிட்டியத்தை அளந்து பழகிய நிறுவனங்களின் கையில் இந்தப் பிரச்சினை வந்தது நல்வாய்ப்பாகும். அவ்வேலை சில ஆண்டுகளுக்குள் தேய்ந்து நின்றது வருந்தத்தக்கது. 2011 பிப்ரவரியில் சென்னையில் கூடிய பதினாறாவது அகில உலக மாநாடும், 2015-இல் பெங்களூரின் கரண்ட் சயன்ஸ் பத்திரிகை வெளியிட்ட சிறப்புப் பகுதியும் அந்தப் பழைய ஆர்வத்தின் தொடர்ச்சிகள்.

டிரிட்டியம் உலோகத்திலேயே ஒளிந்திருக்கலாம் என்பதும் ஒரு காலத்தில் பெரும் புயலைக் கிளப்பியது. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலையின் கெவின் உல்ப், தாம் முன்பு கண்ட டிரிட்டியம் பல்லேடியக் கம்பியிலேயே கலந்து வந்திருந்தது என்று 1990-இல் வெளிப்படையாகக் கூறினார். அதன்பின் யூட்டாவின் தேசியக் குளிர் இணைவு நிலையத்தில் பிரிட்ஸ் வில்லும் அவர் தோழர்களும் ஏராளமான புதுப் பல்லேடியத் துண்டுகளைக் கரைத்துச் சோதித்து, அத்தகைய கலப்பு இல்லை என்றார்கள். இரண்டு கூற்றுகளும் மெய்யாக இருக்கத் தடையில்லை. ஏனெனில் இருவர் கையிலும் இருந்தது ஒரே உலோகம் அன்று. கம்பியிலிருந்து ஒரு துண்டை வெட்டி முன்கூட்டியே எடுத்துவைத்து, அத்துண்டையும் பின்னர்க் கம்பியையும் ஒரே நாளில் ஒரே கருவியில் சோதிக்கும் வழக்கம் தொடக்கத்திலேயே இருந்திருக்குமானால், அந்தப் புயல் எழுந்தே இராது.

பானெத்தின் ஹீலியமும் மீண்டும் தோன்றியது. மிகையுஷ்ணத்துக்கு ஏற்ப ஹீலியம் விளைகிறது என்று மைல்ஸ் 1991 முதல் கூறிவந்தார். குளிர் இணைவு ஆதரவாளர்கள் தங்கள் முதன்மையான சான்றாகக் கொள்வது இதையே. ஆனால் ஒரு வாட் உஷ்ணம் ஒரு மணி நேரம் எழுந்தால் விளையக்கூடிய ஹீலியம் முழுவதும், ஏறத்தாழ 7 கன சென்டிமீட்டர் சாதாரணக் காற்றில் ஏற்கெனவே இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்கு ஹீலியம் உண்டு; கண்ணாடியின் ஊடே அது மெல்லக் கசிந்து புகவல்லது. மைல்ஸ் முதலில் கண்ணாடிக் குடுவைகளைப் பயன்படுத்தி, பின்னர் உலோகக் குடுவைகளுக்கு மாறினார் என்பதையும், மாறியபின் பின்னணி அளவு திட்டமாகக் கிடைத்தது என்பதையும் அவருக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய பெர்லின் பாடத்தை அவர் நினைவிற் கொண்டிருந்தார்.

குறைக்கடத்திகளின் சரித்திரத்தைக் குளிர் இணைவு ஆதரவாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவார்கள். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் டிரான்ஸிஸ்டர் வேலை செய்த பிறகும், ஒன்றுபோல் ஒன்று இயங்குபவற்றைச் செய்வது சில ஆண்டுகள் பெரும்பாடாக இருந்தது. அதே நிறுவனத்தின் வில்லியம் பான், உருகிய பட்டையை ஜெர்மேனியக் கட்டியின் வழியே மெல்ல நகர்த்திக் கலப்புகளை ஓரத்துக்கு ஒதுக்கும் முறையைக் கண்டபின், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்னும் பரிசுத்தம் கைகூடி, அந்தத் தொழிலே திருந்திற்று. இந்த உவமானம் பாதிவரை பொருந்துகிறது. பொருந்தாத மறுபாதியே முக்கியம்: டிரான்ஸிஸ்டர் எப்போதாவது இயங்கியபோது, அது இயங்கியது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை, எந்தக் கலப்பு என்ன செய்யும் என்று சொல்லும் சித்தாந்தமும் கையில் இருந்தது. இங்கோ, நிகழ்ச்சி உண்டா இல்லையா என்பதே வழக்கு. எதைச் சுத்திகரிக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று காட்டும் சித்தாந்தமும் இல்லை.

இதனாலேயே மூலப்பொருளின் தரம் என்னும் வாதம் ஓர் அபாயத்தையும் உடன்கொண்டு வருகிறது. உஷ்ணம் தோன்றினால் உலோகம் நல்லது, தோன்றாவிட்டால் உலோகம் கெட்டது என்று, விளைவைக் கண்டபின் காரணத்துக்குப் பெயர் சூட்டினால், அந்தக் கொள்கையை எந்தப் பரிசோதனையாலும் மறுக்க இயலாது. மறுக்க இயலாத கொள்கை விஞ்ஞானத்தில் இடம்பெறத் தகுதியற்றது. ஜப்பானிய அரசாங்கம் 1990-களில் புதிய ஹைட்ரஜன் சக்தித் திட்டம் என்ற பெயரால் ஏராளமான பொருளைச் செலவிட்டு, திட்டமான பலன் காணாமல் முடித்துக்கொண்டதற்குப் பின்னும் இதே சமாதானம் சொல்லப்பட்டது. 2015-இல் தொடங்கிக் கூகிள் நிறுவனத்தின் ஆதரவால் கர்டிஸ் பெர்லிங்கெட் முதலியோர் நடத்தி 2019 மே மாதம் நேச்சர் பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியோ மெச்சத்தக்கது: குளிர் இணைவுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று தெளிவாகக் கூறியதோடு, மிகவுயர்ந்த ஏற்ற விகிதத்தை எட்டி நிலைநிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதே பெர்லிங்கெட்டின் வான்கூவர் குழுவினர் 2025 ஆகஸ்டில், பல்லேடிய இலக்கின் ஒரு பக்கத்தில் டியூட்டீரிய அயனிகளைப் பாய்ச்சிக்கொண்டே மறுபக்கத்திலிருந்து மின்பகுப்பால் டியூட்டீரியத்தை ஏற்றியபோது, இணைவின் வேகம் சராசரியாக 15 சதவீதம் உயர்ந்ததாக நியூட்ரான் எண்ணிக்கையால் காட்டினார்கள். அது குளிர் இணைவு அன்று. அதில் சக்தி லாபமும் இல்லை. எனினும் ஏற்றப்பட்ட உலோகத்தின் நிலை எண்ணத்தக்க ஓர் அளவைப் பாதிக்கிறது என்பதை, ஐயத்துக்கு இடமான உஷ்ண அளவையை நம்பாமலே அறிய அது வழி திறக்கிறது. உலோகத்தின் தரத்தைச் சோதிக்க இது ஓர் உரைகல் ஆகலாம்.

பெருந்திட்டங்களைவிட இப்போது அதிகமாக வேண்டுவது ஒரு சிறு காரியம் என்று கருதுகிறேன். மைல்ஸின் அட்டவணையில் எட்டுக்கு ஏழு என்று நிற்கும் பல்லேடிய-போரான் கலவையை, சம்பந்தமில்லாத இரண்டு மூன்று உலைகளில், ஆக்ஸிஜன், கார்பன், போரான் அளவுகளையும் மணிப் பருமனையும் மிகுவிரிவையும் எழுதிவைத்து, மீண்டும் வார்க்க வேண்டும். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு துண்டைப் பூட்டி வைக்க வேண்டும். போரான் இல்லாத சாதாரணப் பல்லேடியக் கம்பிகளையும் அதே அளவில் வெட்டி அவற்றோடு கலந்து, எது எது என்று அறியாத பரிசோதகர்களிடம் கன நீருக்கும் சாதாரண நீருக்குமாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். எந்தக் கம்பி உஷ்ணம் தரும், எது தராது என்ற எதிர்பார்ப்பைக் கலத்தைப் பூட்டுமுன் எழுதி முத்திரையிட வேண்டும். இதற்கு ஆகக்கூடிய செலவு, 1989 முதல் இந்த வழக்கில் இரு தரப்பினரும் செலவிட்டதில் மிகச் சிறு பங்கே.